தவறணை முதல் பீப்பா வரை – 9: வறண்ட நிலத்து வைன்

சென்ற வாரம் திக்கம் வடிசாலைச் சாராயத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கடல் கடந்து போவோம்.

பேர்ண் நகரில் எனக்கு வீடு கிடைத்த புதிதில் புங்குடுதீவிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். ஊர்த் தவறணையில் கள்ளுப் பிளாவைக் கையில் வாங்கி, நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு, முதல் மிடறிலேயே "இண்டைக்குப் புளிப்புக் கூட" என்று தீர்ப்புச் சொல்லுகிற மனுசன். அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று முப்பது பிராங் கொடுத்து ஒரு பிரெஞ்சு வைன் வாங்கி வைத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, உதுக்கு என்ன விலை குடுத்தனி?"

சொன்னேன்.

"போத்திலிலை பேர் வடிவா எழுதியிருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை, கடையின் அடித்தட்டிலிருந்து எட்டு பிராங்குக்கு ஒரு ஸ்பானியப் போத்தல் எடுத்து வந்தேன். ஆட்டிறைச்சிக் கறியோடு சித்தப்பா இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினார். ஹுமியா என்ற ஊர்ப் பெயரை நான் வாசித்தது அன்றைக்குத்தான்.

ஹுமியா ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியாப் பக்கம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறக்குறைய 300 மில்லிமீற்றர். மணலும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நிலம். அங்கே பயிராகும் கறுப்புத் திராட்சைக்கு மொனஸ்ட்ரெல் என்று பெயர். பழைய தோட்டங்களில் பந்தலும் கம்பியும் கிடையாது. இடுப்புயரம்கூட வராத பற்றைகளாக, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நடப்பட்டு நிற்கின்றன. நெருக்கி நட்டால் இருக்கிற ஈரம் போதாது. கிணற்றில் உவர் ஊறுகிற ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனையைப் போல, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் வேரை நம்பி நிற்கிற சாதி இது. வயதான கொடி காய்ப்பது கொஞ்சம், ஆனால் சாறு தடிப்பாக இருக்கும்.

அப்படியானால் ஏன் மலிவு? உலகிலேயே அதிக திராட்சை நிலம் உள்ள நாடு ஸ்பெயின். ஒன்பது இலட்சம் ஹெக்டேயருக்கு மேல். அதில் பெரும்பகுதியின் வைன் நெடுங்காலம் பெயரில்லாமல், மொத்தமாக, பிறர் கலந்து விற்பதற்காகவே போனது. பெயர் எடுக்காத ஊருக்கு விலையும் ஏறவில்லை. இந்த மொனஸ்ட்ரெல்லையே பிரான்ஸில் முர்வேத்ர் என்கிறார்கள். பாந்தோல் என்ற ஊரின் பெயரோடு வந்தால் விலை மூன்று மடங்கு கேட்பார்கள். அரகோன் பகுதியின் கலத்தாயுத், கம்போ தே போர்ஹா ஊர்களில் விளையும் கர்னாச்சாவும் பிரெஞ்சுக்காரரின் கிரெனாஷும் ஒரே கொடிதான். ஸ்பெயினுக்குள்ளேயும் ரியோகா, பிரியோராத், ரிபேரா டெல் துவேரோ என்று பெயர் எடுத்த ஊர்கள் உண்டு. அங்கே நீங்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஸ்பெயின் எங்களுக்கு அப்படி அந்நியமுமில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபோது, போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் அரசன் மூன்றாம் பிலிப்பின் தலையில்தான் இருந்தது. 1580இலிருந்து 1640வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசன். வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வைன் அடைத்து வந்த 'பீப்பா' மட்டும் சொல்லாக எங்களோடு தங்கிவிட்டது.

அந்தப் பீப்பாவில் வைன் எவ்வளவு காலம் இருந்தது என்பதைத்தான் ஸ்பானியப் போத்தலின் பின்பக்கம் சொல்லும். கடையில் போத்தலைத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு சிறிய முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். 'ஹோவன்' என்றால் இளசு. உடன்கள் மாதிரி, வைத்திருக்காமல் குடிக்க வேண்டியது. 'கிரியான்சா' என்றால் சிவப்பு வைனுக்கு இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது ஆறு மாதம் மரப்பீப்பாவில். ரியோகாவில் அது ஒரு முழு ஆண்டு. 'ரெசர்வா' மூன்று ஆண்டு, 'கிரான் ரெசர்வா' ஐந்து ஆண்டு. காத்திருந்த செலவு விலையில் ஏறும். தினச் சாப்பாட்டுக்கு ஹோவனும் கிரியான்சாவும் தாராளம்.

இனி எங்கள் சாப்பாடு. மிளகாய்த்தூள் உறைப்போடு துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் சேர்ந்தால் வாய் எரியும். ஒடியல் கூழுக்கு ருவேதா ஊரின் வெள்ளை வைன், வெர்தேஹோ, நன்றாகக் குளிரவைத்து. நண்டுக்கறிக்கு நவாராவின் ரோசா நிற வைன். கணவாய்ப் பொரியலுக்குக் கடலோர ஊரான சான்லூக்காரின் மன்சனில்யா. அதில் மெல்லிய உப்புக் காற்று வீசும். ஆட்டிறைச்சிக்குத்தான் ஹுமியா, அதையும் கால் மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து.

எல்லா மலிவுப் போத்தலும் நல்லதென்று நான் சொல்லவில்லை. நாலு பிராங்குக்கு வாங்கிக் கழுவு தொட்டியில் ஊற்றியவையும் உண்டு. ஏழிலிருந்து பன்னிரண்டு பிராங்குக்குள் ஊர்ப் பெயரும் ஆண்டும் முத்திரையும் தெளிவாக இருப்பதை எடுங்கள். ஒரே ஊரின் இரண்டு போத்தல்களை ஒரே நாளில் திறந்து, அளவாகக் குடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். தவறணையில் யாருடைய கள் நல்லதென்று ஊர்ச்சனம் கண்டுபிடித்ததும் இப்படித்தான்.

சித்தப்பா ஊருக்குத் திரும்பும்போது அந்த வெறும் போத்தலைக் கழுவி எடுத்துப் போனார். நல்லெண்ணெய் விட்டு வைக்க வசதியாம்.

அடுத்த வாரம்: யாழ்ப்பாணத்தின் சொந்தத் திராட்சை ரசம், தோலகட்டி ஆசிரமத்து வைன்.