மலிவு விலை ஆயில் ஃபில்டர் போட்டால் இன்ஜின் கெட்டுவிடுமா?

நீங்கள் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர் என்று வைத்துக்கொள்வோம். காருக்கு சர்வீஸ் டைம் வந்துவிட்டது. சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும், சாமானை நாமே வாங்கித் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. சனிக்கிழமை காலையில் திருவனந்தபுரம் ஆரியசாலை பக்கம் (நவராத்திரிக்கு வேளிமலை முருகன் வந்து தங்கும் அதே ஆரியசாலைதான்) ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறீர்கள்.

"ஆயில் ஃபில்டர் கொடுங்க அண்ணாச்சி" என்றதும் மூன்று பெட்டிகள் மேஜைக்கு வருகின்றன. ஒன்று கார் கம்பெனியின் பெயர் போட்டது. இன்னொன்று ஃபில்டர் தயாரிக்கும் ஒரு பிராண்டுடையது. மூன்றாவது நீங்கள் கேள்விப்படாத பெயர், விலை பாதிதான். எதை எடுப்பீர்கள்?

"சீப்பா வாங்குனா இன்ஜின் போயிரும்" என்று ஆபீஸில் யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அது எவ்வளவு உண்மை? சுருக்கமாகச் சொன்னால், விலை குறைவு என்பதே ஒரு குறை அல்ல. இந்தியாவில் பயப்பட வேண்டியது போலிக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத இடத்தில் பயப்படுகிறோம், பயப்பட வேண்டிய இடத்தில் ஏமாறுகிறோம்.

ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது?

தகர டப்பாவுக்குள் முக்கியமாக மூன்று விஷயங்கள்.

முதலாவது, மடிப்பு மடிப்பாக வைத்த வடிகட்டும் காகிதம். எண்ணெயில் மிதக்கும் உலோகத் துகள், தூசி, கரி ஆகியவற்றைப் பிடிப்பது இதுதான். விலை கூடிய ஃபில்டர்களில் காகிதத்துக்குப் பதிலாகச் செயற்கை இழை இருக்கும், அல்லது இரண்டும் கலந்திருக்கும்.

இரண்டாவது, பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டால் இது திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேராக இன்ஜினுக்கு அனுப்பும். எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு எண்ணெயில் ஓடுவது மேல் என்பதற்கான ஏற்பாடு இது. சில கார்களில் இந்த வால்வு ஃபில்டரில் இருக்காது, இன்ஜினிலேயே இருக்கும்.

மூன்றாவது, வண்டி நிற்கும்போது எண்ணெய் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. இது சரியில்லை என்றால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடிகள் இன்ஜினில் 'கடகட' சத்தம் கேட்கும். மலிவான ஃபில்டர்களில் சாதாரண நைட்ரைல் ரப்பரும், விலை கூடியவற்றில் சிலிக்கானும் இருப்பது வழக்கம். சூட்டில் சீக்கிரம் இறுகிப்போவது நைட்ரைல்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மோசமான காகிதம் கொண்ட ஃபில்டர் தன் குறையை வெளியே காட்டாது. வண்டி ஓடும், டாஷ்போர்டில் விளக்கு எரியாது, தேய்மானம் மட்டும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். ஃபில்டர் நல்லதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியாததால், கண்ணுக்குத் தெரிவதை வைத்து எடைபோடத் தொடங்கினார்கள்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

இதற்குப் பிரபலமான உதாரணம் அமெரிக்காவின் ஃப்ராம். அந்த நிறுவனத்தின் விலை குறைந்த, ஆரஞ்சு நிற 'எக்ஸ்ட்ரா கார்டு' ஃபில்டரை அறுத்துப் பார்த்த கார் ஆர்வலர்கள், உள்ளே காகித மடிப்பைப் பிடித்திருக்கும் மூடிகள் உலோகத்தில் இல்லாமல் அட்டையில் இருப்பதைக் கண்டார்கள். 'அட்டை ஃபில்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் ஆகியும் போகவில்லை.

ஆனால் அட்டையா தகரமா என்பது ஃபில்டர் எவ்வளவு அழுக்கைப் பிடிக்கிறது என்பதைச் சொல்லாது. அதை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது: ஐஎஸ்ஓ 4548-12. எண்ணெயில் அளந்த தூசியைத் தொடர்ந்து கலந்து, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் எத்தனை துகள் இருக்கின்றன என்று கருவி எண்ணும். இந்தச் சோதனையின் அடிப்படையில், 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் 95 சதவீதத்தை 'எக்ஸ்ட்ரா கார்டு' பிடிக்கிறது என்கிறது ஃப்ராம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனமே சொல்லும் எண் என்றாலும், 'அட்டை' என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கித்தள்ளும் எண் இது அல்ல.

அப்படியென்றால் எல்லா ஃபில்டரும் ஒன்றுதானா?

இல்லை. 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 40 மைக்ரான் வரைதான் வடிகட்டும் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டரில் இன்ஜின் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரான் ஃபில்டரில் 70 சதவீதமும் குறைந்தது. எண்ணெயில் வேண்டுமென்றே தூசியைப் போட்டுச் செய்த சோதனை இது. உங்கள் காரில் இதே விகிதத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் திசை தெளிவு: எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த எண் பெட்டியின் விலையிலோ டப்பாவின் கனத்திலோ தெரியாது.

இந்தியாவில் கணக்கு வேறு

அமெரிக்க விவாதத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒரு சிக்கல். மாருதியின் சிறிய பெட்ரோல் கார்களுக்குக் கம்பெனி பெயரிலேயே வரும் ஒரிஜினல் ஃபில்டர் நூறு, நூற்றைம்பது ரூபாய் அளவில்தான் கிடைக்கிறது. அதாவது, ஒரிஜினலே பட்ஜெட் விலைதான்! இதில் பாதி விலைக்கு இறங்கினால் மிச்சம் ஐம்பது, அறுபது ரூபாய். அதே சர்வீஸில் ஊற்றப்போகும் ஆயிலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்கிறீர்கள்.

அடுத்தது, கார் கம்பெனிகள் பொதுவாக ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. அவற்றுக்குச் சப்ளை செய்யும் நிறுவனங்களில் பல, தங்கள் சொந்த பிராண்டிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. எனவே அண்ணாச்சி எடுத்துவைத்த இரண்டாவது பெட்டியை 'டூப்ளிகேட்' என்று நினைக்க வேண்டியதில்லை.

டூப்ளிகேட் என்பது இன்னொருவரின் பெயரையும் பெட்டியையும் திருடிக்கொண்டு வருவது. இதில் அதிர்ச்சி என்னவென்றால், போலி ஃபில்டர் சில நேரம் ஒரிஜினல் விலையிலேயே விற்கப்படும். விலை குறைவானதைத் தவிர்ப்பவரும் அங்கே தப்ப முடியாது.

போலிப் பொருட்கள் பற்றி ஏஎஸ்பிஏ என்ற சங்கமும் கிரிசிலும் சேர்ந்து 2023 தொடக்கத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டன. கார் உதிரிபாகம் உட்படப் பல துறைகளை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில், வாங்கும்போது அது போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள் சுமார் 27 சதவீதம், தெரிந்தே வாங்கியவர்கள் சுமார் 31 சதவீதம் என்று வந்தது. ஏஎஸ்பிஏ என்பது போலியைக் கண்டறியும் தொழில்நுட்பத்தை விற்கும் நிறுவனங்களின் சங்கம் என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

வெளியே வாங்கினால் வாரன்டி போய்விடுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு பெரிய வழக்கு பதில் சொல்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காகவே மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது.

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் தொடுத்த மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் தவறு நடந்தது என்ற முடிவை ஏற்றுக்கொண்டது. ஆக, சட்டரீதியாக உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது. நடைமுறையில், வாரன்டி முடியும்வரை அந்த வாதத்தைச் சுமந்துகொண்டு அலைய விருப்பமா என்பது உங்கள் முடிவு. அறுபது ரூபாய்க்காக வேண்டாம் என்பதே பலருக்கும் சரியாக இருக்கும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

• பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் எண் இருக்க வேண்டும். இவை சட்டப்படி கட்டாயம். எழுத்துப்பிழையோ மங்கிய அச்சோ இருந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

• பார்ட் நம்பர் உங்கள் காருக்கு உரியதா என்று சரிபாருங்கள். மரை பொருந்துகிறது என்பதால் வால்வின் அளவும் பொருந்திவிடாது.

• ரப்பர் வாஷர் மென்மையாக, வெடிப்பு இல்லாமல் இருக்கிறதா, மரை சுத்தமாக இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள்.

• பில் கேளுங்கள். பில் இருந்தால்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

• பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலேயே புதியதைப் போட்டால் எண்ணெய் கசிந்து கொட்டும். அதற்கு எந்த பிராண்டும் பொறுப்பல்ல.

கடைசியாக, காலக்கெடு. மாருதியின் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவே டிராஃபிக்கில் மட்டுமே ஓடும் காருக்கு மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் எண்ணெய் கெட்டுக்கொண்டே இருக்கும். விலை உயர்ந்த ஃபில்டரைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்துவிட்டால், அடைத்துப்போன காகிதத்தைத் தாண்டி பைபாஸ் வால்வு வழியாக அழுக்கு எண்ணெய்தான் போகும். சாதாரண விலையில் உண்மையான ஃபில்டரை வாங்கி நேரத்துக்கு மாற்றுபவரின் இன்ஜின் அதைவிட நன்றாக இருக்கும்.