‘யீ ஓல்ட்’ என்னும் பழந்தொடர்

இலண்டன் மாநகரிலே பிளீற் வீதியில் பழைய மதுச்சாலை ஒன்று உண்டு. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர், 1667இல் மீளக் கட்டப்பட்ட மனை அது. அதன் பெயரைக் காண்போர் ‘யீ ஓல்ட் செஷயர் சீஸ்’ என்று வாசிப்பர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தேநீர்க் கடைகளும் புத்தகக் கடைகளும் ‘யீ ஓல்ட்’ என்னும் இத்தொடரைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொள்வதுண்டு. தொன்மையின் மணம் வீசவேண்டும் என்பதே நோக்கம். ஆயினும், இவ்விடத்தில் ‘யீ’ என்னும் ஒலி பழைய ஆங்கிலேயர் நாவில் வழங்கியதன்று. அவர்கள் சொன்னது, இன்றும் நாம் அறிந்த ‘த’ என்னும் சுட்டுச்சொல்லே. அஃதெவ்வாறு ‘யீ’ ஆயிற்று?

பண்டை ஆங்கிலேயர் ‘ரூன்’ எனப்படும் கீற்றெழுத்துக்களைக் கல்லிலும் மரத்திலும் பொறித்தனர். 597ஆம் ஆண்டில் அகஸ்தீன் தலைமையில் வந்த கிறித்தவத் துறவியரைத் தொடர்ந்து, இலத்தீன் எழுத்துமுறை அந்நாட்டில் வேரூன்றியது. ஆனால், ‘அது’ என்பதில் வரும் தகரத்தை ஒத்த ஆங்கில ஒலிக்கு இலத்தீனில் தனியெழுத்து இல்லை. ஆகவே, ரூன் வரிசையிலிருந்து ஓரெழுத்தைக் கடன்கொண்டனர். அதன் பெயர் ‘தோர்ன்’; முள் என்பது பொருள். நேர்க்கோடொன்றின் நடுவே, ஒரு பக்கமாக வயிறு புடைத்த வடிவம் அதற்கு.

காலப்போக்கில், விரைந்து எழுதுவோர் கையில் அவ்வயிற்றின் மேற்பகுதி திறந்துகொண்டது. ‘வை’ என்னும் எழுத்துக்கும் அதற்கும் வேற்றுமை காண்பது அரிதாயிற்று. 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவினார். ஐரோப்பிய பெருநிலத்திலிருந்து வந்த அச்செழுத்துக்களில் முள்ளெழுத்து இடம்பெறவில்லை. அதன் ஒலியைக் குறிக்க ‘ரீ’, ‘எச்’ என்னும் ஈரெழுத்துக்களைச் சேர்த்து அச்சிடுவதே பெருவழக்காயிற்று. வரியில் இடம் போதாதவிடத்து மாத்திரம், வடிவொப்புமை கருதி ‘வை’ எழுத்தை இட்டு, அதன் தலைமேல் சிறிய ‘ஈ’ எழுத்தை ஏற்றினர். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் முதற்பதிப்பிலும் இச்சுருக்கக் குறி சிலவிடங்களில் காணப்படுகிறது. அக்கால வாசகர் அதனைத் தயக்கமின்றித் ‘த’ என்றே வாசித்தனர்.

‘நீவிர்’ என்னும் பொருளில் வரும் ‘யீ’ வேறொரு சொல். அதே விவிலியத்தில் பலரை முன்னிலைப்படுத்தும் எழுவாயாக அது வருகிறது. அங்கே ‘வை’ உண்மையான யகர ஒலியையே தரும். உருவத்தால் ஒத்த இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

இனி, ‘ஓல்ட்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஈ’ எழுத்தை நோக்குவோம். ‘த’ என்பதைத் தொடர்ந்து வரும் பெயரடை, ஈற்றில் ஓர் உயிரொலி பெறுவது பண்டை இலக்கணம். 1400இல் மறைந்த கவிஞர் சோசரின் காலத்திலும் அவ்வொலி முற்றாக மறையவில்லை. கடை என்னும் பொருள்தரும் ‘ஷொப்’ என்பதை ‘பீ’ எழுத்தை இரட்டித்து, ஈற்றில் ‘ஈ’ சேர்த்து எழுதுவதும் இடைக்காலத்தில் இருந்த வழக்கமே. வெறும் ஒப்பனையென்று தோன்றும் எழுத்துக்களுக்கு வேர் இருக்கிறது. பழமைக்கே அடையாளமெனக் கருதப்படும் ‘யீ’ ஒலிக்கோ வேர் இல்லை என்பது விந்தையன்றோ! முள்ளெழுத்தை மக்கள் மறந்தபின், 19ஆம் நூற்றாண்டில் பழமையை நாடிய வணிகர் இத்தொடரைப் பெயர்ப்பலகைகளில் பரப்பினர்.

முள்ளெழுத்து எங்கும் அழிந்துவிடவில்லை. ஐஸ்லாந்து மொழியில் அது இன்றும் வழங்குகிறது. ‘அல்திங்கி’ என்னும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் பெயரிலும் அவ்வெழுத்து உண்டு.

1620இல் அமெரிக்கா சென்று குடியேறியோரின் வரலாற்றை எழுதிய வில்லியம் பிராட்போர்ட்டின் கையெழுத்துப் பிரதியில் ‘த’ என்பதற்கு இக்குறியே நிறைந்துள்ளது. அதை ‘யீ’ என்று படிக்கும் மாணவன், அம்மனிதர் சொல்லாத சொல்லை அவர் வாயில் இடுகின்றான். எழுத்தின் உருவத்தை மாத்திரம் கண்டு பழைய ஏட்டை வாசித்தல் ஆகாது. எழுதியவன் எவ்வொலியைக் கருதி எழுதினான் என்பதை அறிந்து வாசித்தலே முறையாகும்.