எத்தனை கிலோ தூக்குவீர்கள்? எக்செல் சொல்லும்!

எங்கள் கூக்காலில் பலத்தை மூட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஜிம்முக்குப் போகிறவர்களோ, "ஒரே தடவையில் அதிகபட்சம் எத்தனை கிலோ?" என்பார்கள். அதைச் சோதிக்கப் போய் முதுகு பிடித்து ஒரு வாரம் படுத்தேன். பிறகுதான் அமெரிக்கப் பயிற்சியாளர் பாய்ட் எப்லியின் சூத்திரம் தெரிந்தது.

எக்செலைத் திறந்து ஏ2 கட்டத்தில் எடையையும், பி2-ல் அதைத் தொடர்ந்து எத்தனை தடவை தூக்கினீர்கள் என்பதையும் கொடுங்கள். சி2-ல் =ஏ2*(1+பி2/30) என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 60 கிலோவை 5 தடவை தூக்கியிருந்தால் விடை 70.

பத்து தடவைக்கு மேல் போனால் கணக்கு பிசகும். போட்டியிலும் இது செல்லாது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 149, 179 கிலோவை மேடையில் தூக்கிக் காட்டித்தான் தங்கம் வென்றார். நமக்கோ, முதுகு தப்பினால் போதும். மாதாமாதம் குறித்து வாருங்கள்!