உங்களுக்குத் தெரியுமா? பட்டினி கிடந்தால் வலிப்பு குறையுமா?

◆ உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால், ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வழக்கமான எரிபொருள், குளுக்கோஸ்.

◆ பட்டினி நீண்டால், கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. வாரக்கணக்கில் பட்டினி கிடப்பவரின் மூளை, பாதிக்கும் மேற்பட்ட ஆற்றலைக் கீட்டோன்களிலிருந்தே பெறுகிறது. 1967இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கேஹில் குழுவினர் இதைக் கண்டறிந்தனர்.

◆ பட்டினியால் வலிப்பு தணிவதை 1911இல் பாரிஸ் மருத்துவர்கள் குவெல்பாவும் மாரியும் பதிவு செய்தனர். ஆனால், எத்தனை நாள்தான் சாப்பிடாமல் இருக்க முடியும்? அதற்கு வழி சொன்னவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர். கொழுப்பை மிகவும் கூட்டி, மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சாப்பிட்டுக்கொண்டே கீட்டோன்களை உண்டாக்கலாம் என்றார். 1921இல் பிறந்த அந்த உணவுமுறைதான் 'கீட்டோஜெனிக் டயட்'.

◆ 1938இல் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரை வந்ததும் இந்த உணவுமுறை பின்னுக்குப் போனது.

◆ ஆனாலும், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 145 குழந்தைகளிடம் இந்த உணவுமுறை பற்றி நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 2008இல் வெளியானது. இந்த உணவை உண்ட குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு, 3 மாதங்களில் வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. உண்ணாதவர்களில் அது 6 சதவீதம் மட்டுமே.

எச்சரிக்கை: மாத்திரையைத் தவறவிட்டாலும், ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வலிப்பு வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதமோ கீட்டோ உணவோ தொடங்க வேண்டாம்.