கரைந்து மறையும் சாரம்

கட்டடம் எழும்பும்வரை அதைச் சுற்றிச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். இழந்த திசுவை மீண்டும் வளர்க்க முயலும் மருத்துவர்களுக்கும் அத்தகையதொரு சாரம் தேவைப்படுகிறது. ஆனால் உடலுக்குள் கட்டிய சாரத்தை அவிழ்க்க ஆள் அனுப்ப இயலாது. அது தானாகவே கரைந்துபோக வேண்டும்.

"புதிய தோலை, புதிய உறுப்பை வளர்த்துத் தருகிறார்களாமே?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை காண, அச்சாரம் உருவாகும் விதத்தை முதலில் அறிவது நல்லது.

அதற்குரிய பொருள் உங்களுக்குப் புதியதன்று. அறுவைக்குப் பின் பிரிக்க வேண்டாத 'கரையும் தையல்' பலவும் பாலிகிளைகாலிக், பாலிலாக்டிக் அமிலவகைப் பாலிமர்களால் ஆனவையே. உடலின் ஈரம் அவற்றைச் சிறிது சிறிதாக உடைக்கிறது. எஞ்சும் லாக்டிக் அமிலம், நாம் ஓடிக் களைக்கும்போது தசைகளில் உண்டாகும் அதே பொருள்தான்.

இந்தப் பாலிமரில் துளைகள் உண்டாக்கும் முறைகளுள் ஒன்று வியப்பூட்டும் அளவுக்கு எளியது. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் பாலிமரைக் கரைத்து, சல்லடையில் சலித்து அளவு பிரித்த உப்புப் பரல்களை அதில் கலந்து அச்சில் ஊற்றுகின்றனர். கரைப்பான் ஆவியானதும் கட்டியை நீரிலிட்டு, நீரை மாற்றி மாற்றி ஊறவைக்கின்றனர். உப்பு வெளியேறுகிறது, அது இருந்த இடம் துளையாகிறது. எடையில் 10 பங்குக்கு 9 பங்கு வரைகூட உப்பையே சேர்ப்பதுண்டு. உப்புக் குறைந்தால் பரல்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே சிறைப்படும். துளைகளுக்கிடையே வழி இராது. வழியின்றேல் உயிரணுக்கள் உட்புக இயலாது, இரத்த நாளங்களும் படர இயலா. நாளத்திலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள உயிரணு பிராணவாயு எட்டாமல் மடிந்துவிடும். துளை மிகுந்தாலோ சாரம் வலுவிழக்கும். கரைப்பானின் எச்சமும் உயிரணுக்களுக்கு நஞ்சு. ஆகவே உலர்த்துவதிலும் மிகுந்த கவனம் வேண்டும்.

உறையவைத்து உலர்த்துவது மற்றொரு வழி. பனிப்படிகங்கள் நேரே ஆவியாகித் துளைகளை விட்டுச் செல்லும். பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவர் ஜான் பர்க், பொறியியலாளர் அயோனிஸ் யானஸ் இருவரும் மாட்டுத் தோலின் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வாறு ஒரு சாரம் செய்து, மேலே சிலிக்கோன் படலமிட்டனர். உடற்பரப்பில் 50 முதல் 95 விழுக்காடு வரை வெந்துபோன 10 நோயாளிகளிடம் அதைப் பயன்படுத்திய முடிவுகள் 1981இல் வெளிவந்தன. அடித்தோல் அதனுள் வளர்ந்த பின் படலத்தை நீக்கி, நோயாளியின் சொந்த மேல்தோலை மிக மெல்லியதாக எடுத்து ஒட்டுவர். அதன் வழிவந்த தயாரிப்பு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆகவே தோலைப் பொறுத்தவரை எங்கள் விடை: ஆம், ஓரளவுக்கு.

உறுப்புகளின் நிலை வேறு. அந்தோணி அடாலா குழுவினர், முதுகுத்தண்டுக் குறைபாட்டால் சிறுநீர்ப்பை கெட்ட, 4 முதல் 19 வயது வரையிலான 7 பேருக்கு அவர்களது உயிரணுக்களைச் சாரத்தில் வளர்த்துப் பொருத்திய செய்தி 2006இல் உலகெங்கும் பரவியது. பின்னர் வேறு மருத்துவர்கள் 10 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் அந்த நற்பலன் கிட்டவில்லை. கடுமையான பக்கவிளைவுகளும் நேர்ந்தன. இச்செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. சிறுநீர்ப்பைக்குக் குடற்பகுதியைக் கொண்டு செய்யும் பழைய அறுவையையே நாங்கள் இன்றும் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். எவரேனும் பெருந்தொகை கேட்டு 'வளர்த்த உறுப்பு' தருவதாகச் சொன்னால், அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, இன்னும் ஆய்வா என்பதை எழுத்தில் கேளுங்கள். அத்தாளை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்புவோருக்கு ஒரு சிறு குறிப்பு: கரையும் தையலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுக்க வேண்டாம். காயம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ உடனே வாருங்கள்.