வயலெலிகளைப் பிடிக்கும் பழைய முறைகளும் அவற்றைப் பற்றிய சட்டங்களும்

தாமிரவருணி நதியின் எட்டு அணைகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. அதன் வடகால், தென்கால் பாசனத்தின் கடைமடையில், ஆறு கடலோடு கலக்கும் புன்னக்காயலுக்கு மேற்கே, ஆத்தூர், முக்காணி, சேர்ந்தபூமங்கலம் முதலிய ஊர்களின் நன்செய்கள் இருக்கின்றன. கடைமடையில் தண்ணீர் தாமதமாக வருவதும், பயிர் ஒரே சீராக விளையாமல் வயலுக்கு வயல் முன்பின்னாக நிற்பதும் வழக்கம். இவ்வாறு நிற்கும் பயிரே எலிக்கு மிகவும் வசதியானது. ஒரு வயல் அறுவடையானதும் எலிகள் அடுத்த வயலுக்குக் குடியேறுகின்றன. கார்ப் பயிரில் பெருகிய எலிகள் பிசானப் பயிரில் விளைவிக்கும் நஷ்டத்தைக் குடியானவர் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதைத் தடுக்கும் காலத்தையும் முறையையும், அம்முறைகளில் எது சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் பலர் அறிவதில்லை. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலிகளின் இனமும் இயல்பும்

நெல்வயலில் அதிக நாசம் செய்வது அகழான் என்றும் வரப்பெலி என்றும் சொல்லப்படுவது. இது வரப்பில் ஆழமாக வளை தோண்டி, உள்ளே பல அறைகள் அமைத்து, கதிர்களை அறுத்துக்கொண்டுபோய்ச் சேமித்து வைக்கும். வளையின் வாயில் புது மண் குவிந்திருப்பதும், தூர்கள் சாய்வாக வெட்டுண்டு கிடப்பதும் இதன் அடையாளங்கள். வயல்களில் சிறு சுண்டெலியும், மணற்பாங்கான தேரி நிலங்களிலும் புன்செய்களிலும் வெள்ளெலியும் உண்டு. அகழானின் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடுவது சாதாரணம். பயிர் பொதி கட்டும் தருணத்தில் இரை மிகுவதால் இனப்பெருக்கமும் மிகுகின்றது. ஆகவே பொதிப் பருவத்தில் நூறு எலிகளைக் கொல்வதைவிட, நடவுக்கு முன் பத்து எலிகளைக் கொல்வது அதிகப் பலன் தரும்.

தஞ்சாவூர்க் கிட்டி

பழைய பொறிகளில் சிறந்தது தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிற் சிம்பை வில்லாக வளைத்து, நாண் கட்டி, அதை ஒரு சிறு விசைக்குச்சியால் நிறுத்தி, இரையை உள்ளே வைப்பார்கள். எலி தலையை நுழைத்து இரையை இழுத்தவுடன் குச்சி நழுவி, வில் நிமிர்ந்து, நாண் அதன் கழுத்தை நெரித்துவிடும். இதற்கு விஷமும் வேண்டாம், விலையுயர்ந்த சாமான்களும் வேண்டாம். ஏக்கராவுக்குச் சுமார் நாற்பது கிட்டிகள் வீதம், எலி நடமாடும் தடம் பார்த்து, மாலையில் வைத்து, விடியுமுன் எடுத்துவிட வேண்டும். பகலில் கிட்டியை வயலில் விட்டுவைத்தால் பறவைகளும் ஓணான்களும் அகப்பட்டு வீணே சாகும். காவேரிப் பாசனப் பகுதியில் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் பிடித்த எலிக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

புகைப் பானை

வட ஜில்லாக்களில் வாழும் இருளர் எலி பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். அவர்கள் அடியில் சிறு துவாரமுள்ள மட்பானையில் வைக்கோலைத் திணித்து நெருப்பிட்டு, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி மண்ணால் மெழுகி, துவாரத்தின் வழியாக ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். அதற்கு முன் வளையின் மற்ற வாய்களையெல்லாம் தேடி அடைத்துவிடுவார்கள். எலிகள் மூர்ச்சையடைந்தபின் தோண்டி எடுப்பார்கள். உள்ளே சேமித்திருக்கும் நெல்லும் கிடைக்கும். அந்த நெல்லைப் பிடித்தவர்களுக்கே விட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம்.

இம்முறையின் குறை யாதெனில், வாயால் ஊதுகிறவர்களுக்கு உதடும் கையும் வெந்துபோவதோடு, நாள்பட்ட புகையால் மார்பு நோயும் உண்டாகிறது. இதைத் தவிர்க்க, கையால் சுழற்றும் விசிறி பொருத்திய இரும்புப் புகைக்கருவி ஒன்று இருளர்களுக்காகத் தமிழ்நாட்டில் உண்டாக்கப்பட்டது. 2003-ஆம் வருஷம் உலக வங்கியின் பரிசுத் திட்டம் ஒன்று அதற்கு உதவியளித்தது. கூலிக்கு ஆள் அமர்த்தும் நிலக்காரர்கள் வாயால் ஊதும் பானையை விட்டு, இத்தகைய கருவியையே உபயோகிக்கச் செய்வது நலம்.

கீரியும் பாம்பும் கூகையும்

ஐரோப்பாவில் பெரட் என்னும் கீரி போன்ற சிறு பிராணியைப் பழக்கி, முயல் வளைக்குள் விட்டு, வளையின் வாய்களில் வலை கட்டி, வெளியே ஓடிவரும் முயல்களைப் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். இங்கிலாந்தில் 1880-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, குத்தகைக் குடியானவன் தான் பயிரிடும் நிலத்தில் முயலைப் பிடிக்கும் உரிமையை எவரும் பறிக்க முடியாதபடி செய்தது. அங்கேயே, பல் வைத்த இரும்புப் பொறி கொடியதென்று 1958-ஆம் வருஷம் முதல் தடுக்கப்பட்டது.

இதைக் கேள்வியுற்று, கீரியைப் பிடித்துப் பழக்கினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் அது கூடாது. கீரி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கீரியும், சாரைப் பாம்பும், கூகையும் கூலி வாங்காமல் எலி பிடிக்கின்றன. அவற்றைக் கொல்லாமல் விட்டு, வயலில் கூகை உட்காரக் கவைக்கொம்புகளை நட்டுவைப்பதே குடியானவன் செய்யவேண்டியது. பாம்புத்தோல் வியாபாரம் தடுக்கப்பட்டபின், 1978-ல் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, உத்தரவு பெற்றுப் பாம்பு பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பை உயிரோடு விட்டுவிடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பழைய வித்தை சட்டத்துக்கு உட்பட்டு நடக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சட்டம் கூறுவது

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குச் சுட்டுக் கொல்வது மட்டும் பொருளன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், துரத்துதல், இரை வைத்து மயக்குதல் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். விஷமும் வலையும் கண்ணியும் அச்சட்டத்தின்படி ஆயுதங்களே. பட்டா தன் பெயரில் இருப்பதால் தன் நிலத்தில் வரும் பிராணியைப் பிடிக்கலாம் என்று நினைப்பது தவறு.

எலி, சுண்டெலி முதலியவை முன்பு அச்சட்டத்தின் ஐந்தாம் பட்டியலில் தொல்லைப் பிராணிகளாகக் கூறப்பட்டிருந்தன. 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அந்தப் பட்டியல் எடுக்கப்பட்டது. ஒரு பிராணியைத் தொல்லை விலங்கென்று குறித்த இடத்துக்கும் காலத்துக்கும் அறிவிக்கும் அதிகாரம் 62-ஆம் பிரிவின்படி மத்திய சர்க்காருக்கு உண்டு. பாதுகாப்புப் பட்டியல்களில் சேராத சாதாரண வயலெலியைக் கிட்டியாலும் புகையாலும் அழிப்பது குற்றமாகாது. ஆனால் எலிக்கென்று வைத்த கண்ணியில் முயலோ கவுதாரியோ அகப்பட்டு, அதை எடுத்துக்கொண்டால் அது வேட்டையே. பொதுவாக இத்தகைய குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசமோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இதனினும் முக்கியமானது விஷத் தானியம். விஷம் கலந்த நெல்லை வரப்பில் வெளிப்படையாகத் தூவினால் அதைத் தின்று மயில்கள் சாகின்றன. மயில் முதற் பட்டியலைச் சேர்ந்தது. அதைக் கொன்றதற்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறைவாசமும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஆகவே ஜிங்க் பாஸ்பைடு வைக்க நேர்ந்தால், முதலில் இரண்டு நாள் விஷமில்லாத இரையை வைத்துப் பழக்கி, பிறகு நாற்பத்தொன்பது பங்கு பொரிக்கு ஒரு பங்கு மருந்து கலந்து, வளைக்குள்ளேயே வைத்து மூடிவிட வேண்டும். மிச்சத்தையும் செத்த எலிகளையும் ஆழப் புதைக்க வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியானவர் தாமாக வாங்கி உபயோகிக்கக் கூடாது.

மின்சாரக் கம்பி

எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டும் வழக்கம் எல்லாவற்றிலும் கொடியது. ஈர வயலில் அக்கம்பி எலியையும் மனிதனையும் வேறு பிரித்து அறியாது. இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த அண்டை நிலக்காரரும், கம்பி கட்டியவரும், அவர் வீட்டாருமே இறந்துபோன சம்பவங்கள் தமிழ்நாட்டில் பல. பம்பு ஸெட்டுக்கு அளித்த மின்சாரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி திருட்டாகும். அதற்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம் உண்டு. உயிர் போனால் குற்றம் இன்னும் பெரிதாகும். ஒரு மூட்டை நெல்லைக் காப்பதற்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது எவ்விதத்திலும் தகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் எல்லையில் இத்தகைய கம்பியைக் கண்டால், அன்றே அதை எடுக்கச் சொல்லி மின்வாரியத்துக்கும் போலீஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. வரப்புகளை அகலம் 45 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் வெட்டிக் களை நீக்கி வைக்கவும். பருத்த வரப்பே எலியின் வீடு.

2. ஒரு மடையில் பாயும் நிலக்காரர்கள் எல்லோரும் கூடியவரை ஒரே வாரத்தில் நடவு செய்யவும்.

3. கார் அறுவடைக்கும் பிசான நடவுக்கும் இடையில், மடை முழுவதும் ஒரே நாளில் வளைகளை அடைத்துப் புகையிடவும். ஒருவர் மட்டும் செய்தால் எலி பக்கத்து வரப்புக்குப் போய், சில நாளில் திரும்பிவிடும்.

4. நடவுக்குப்பின் கிட்டிகளைத் தொடர்ந்து வைத்து, பொதிப் பருவத்துக்கு முன்பே எலியை ஒடுக்கவும்.

5. எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், வெறுங்கையால் எலியைத் தொடாமலும், காலில் புண்ணுள்ளவர்கள் சேற்றில் இறங்காமலும் இருக்கவும்.

6. எலி பிடிப்போருக்குரிய கூலியை மடைக்காரர்கள் நிலத்தின் அளவுப்படி பங்கிட்டுக் கொடுக்கவும். குளத்து மராமத்தில் ஒன்றுகூடி வேலை செய்த ஊர்களுக்கு இது புதிதன்று. மடை முழுவதும் ஒற்றுமைப்பட்டால், விஷமும் கம்பியும் இல்லாமலே பிசான நெல்லைக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம்.