கட்டிடப் படங்களும் அவற்றின் அளவுத் திட்டமும்

நமது ஐக்கிய சங்கங்கள் கிடங்கு, காரியாலயம், பால் சேகரிக்கும் நிலையம் முதலியவற்றைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ள முன்வருவது மகிழ்ச்சிக்குரிய விஷயமேயாகும். ஆனால், கட்டிடம் கட்டுவதென்று தீர்மானம் நிறைவேறிய நாள்முதல் சங்கத்தின் பணம் வீணாவதற்குப் பல வழிகள் திறந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, படத்தைப் பார்த்தறியாமல் அதில் கையொப்பமிடுவது. கடன் பத்திரத்தை வாசித்துப் பாராமல் கையொப்பமிடலாகாது என்று அங்கத்தினர்களுக்கு ஓயாமல் சொல்லி வருகிறோம். கட்டிடப் படமும் ஒருவகைப் பத்திரமே. கண்டிராக்டர் எதைக் கட்டவேண்டும், சங்கம் எதற்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பது அதுவே.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். அச்சங்கத்தார் 18 மீட்டர் நீளமுள்ள கிடங்கு ஒன்று கட்டத் தீர்மானித்தனர். எஞ்சினீயர் வரைந்த படம் ஏ2 என்னும் பெரிய காகிதத்தில் இருந்தது. பஞ்சாயத்தார் கையில் கிடைத்ததோ அதைச் சுருக்கி ஏ3 காகிதத்தில் எடுத்த பிரதி. அதன் ஓரத்தில் 1:100 என்று எழுதியிருந்தது. சென்டிமீட்டர் ஒன்றுக்கு மீட்டர் ஒன்று என்று எண்ணி, அடிக்கோலை வைத்து அளந்தார்கள், நீளம் 12.7 சென்டிமீட்டர் இருந்தது. ஆகவே கட்டிடம் 13 மீட்டருக்குள் அடங்கும் என்று முடிவுசெய்து, இருபுறமும் ஒன்றரை மீட்டர் இடம் விட்டு, 16 மீட்டர் நீளமுள்ள மனையைக் கிரயம் செய்துவிட்டார்கள். கொத்தனார் மூலப் படத்தில் எழுதிய எண்ணைப் பார்த்து நூல் பிடித்தபோதுதான் கட்டிடம் மனைக்குள் அடங்காதென்பது தெரிந்தது. அடுத்த நிலத்துக்காரர் சங்கத்தின் அவசரத்தை அறிந்து, முதல் மனைக்குக் கொடுத்த விலையைப்போல் இருமடங்கு கேட்டார். பேரம் முடிவதற்குள் மழைக்காலம் வந்து, ஒரு பருவம் முழுவதும் நெல் மூட்டைகள் வாடகைக் கொட்டகையில் கிடந்தன. இதில் மோசடி செய்தவர் எவருமில்லை. படம் சுருங்கியபோது அதில் எழுதியிருந்த 1:100 என்னும் எண் சுருங்கவில்லை என்பதே காரணம்.

படங்களின் வகைகள்

ஒரு கட்டிடத்தை ஒரே படத்தில் காட்டிவிட முடியாது. ஆதலால் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடையளிக்குமாறு பல படங்கள் வரையப்படுகின்றன.

முதலாவது மனைப்படம். கட்டிடம் நிலத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கு இது விடை கூறும். சர்வே எண், எல்லைகள், பாதை, கிணறு, வாய்க்கால், வடதிசைக் குறி ஆகியவை இதில் இருக்கவேண்டும். இதை வருவாய் இலாகாவின் புலப்படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பஞ்சாயத்தாரின் முதற்கடமை.

இரண்டாவது, பிளான் என்று வழங்கும் தரைப்படம். இதைப் பலரும் மேலிருந்து கூரையைப் பார்த்து வரைந்ததென்று எண்ணுகிறார்கள், அது பிசகு. வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்தால் உள்ளிருக்கும் வளையங்கள் தெரிவதுபோல, கட்டிடத்தைத் தரைக்குமேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் படுக்கையாக அறுத்து, மேற்பாகத்தை எடுத்துவிட்டுக் கீழே நோக்கினால் தெரிவதே தரைப்படம். அதனாலேயே சுவரின் கனமும், வாயில், ஜன்னல்களின் அகலமும் அதில் காணப்படுகின்றன. அறுத்த மட்டத்திற்கு மேலுள்ளவற்றை விட்டுவிட்டு வரும் கோடுகளால் காட்டுவது வழக்கம்.

மூன்றாவது முகப்புப் படம். கட்டிடத்தின் ஒரு பக்கத்திற்கு நேரே நின்று பார்க்கும் தோற்றம் இது. தூரத்திலுள்ளது சிறிதாகத் தோன்றும் என்ற கண்ணின் இயல்பு இதில் சேர்க்கப்படுவதில்லை. ஆகையால் உயரங்களை நம்பி அறியலாம். நிழலும் மரமும் தீட்டிய வர்ணச் சித்திரம் வேறு. அது கண்ணுக்கு இனியதேயன்றி, வேலைக்கு ஆதாரமாகாது.

நான்காவது வெட்டுப்படம். பலாப்பழத்தை நெடுக்கே பிளந்தால் தோலும் சுளையும் நடுத்தண்டும் தெரிவதுபோல, கட்டிடத்தைக் கூரைமுதல் கடைக்கால்வரை செங்குத்தாகப் பிளந்து காட்டுவது இது. எந்த இடத்தில் பிளந்தார்கள் என்பதைத் தரைப்படத்தின்மேல் ஒரு கோடும் எழுத்துகளும் காட்டும். கடைக்கால் ஆழம், தரைமட்ட உயரம், கூரையின் சாய்வு ஆகியவற்றை இப்படமின்றி அறிய முடியாது.

ஐந்தாவது விவரப்படம். கதவு நிலை, படிக்கட்டு, கூரைச் சட்டத்தின் மூட்டு, கம்பி வளைப்பு போன்ற சிறு பாகங்களைப் பெரிதாக்கிக் காட்டுவது இது.

அளவுத் திட்டம்

ஸ்கேல் என்று வழங்கும் அளவுத் திட்டமாவது, படத்திலுள்ள நீளத்திற்கும் தரையிலுள்ள நீளத்திற்கும் உள்ள விகிதமே. 1:100 என்றால் படத்தில் 1 சென்டிமீட்டர் தரையில் 100 சென்டிமீட்டர், அதாவது 1 மீட்டர். 1:50 என்றால் 2 சென்டிமீட்டர் ஒரு மீட்டரைக் குறிக்கும். 1:200 என்றால் அரை சென்டிமீட்டரே ஒரு மீட்டராகும். பின்னால் வரும் எண் பெரிதாகப் பெரிதாகப் படம் சிறிதாகும் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

மனைப்படத்திற்கு 1:500 அல்லது 1:200, தரை, முகப்பு, வெட்டுப் படங்களுக்கு 1:100 அல்லது 1:50, விவரப்படங்களுக்கு 1:20, 1:10, 1:5 என்பன பெரும்பாலும் வழங்குகின்றன. தச்சருக்கு வேண்டிய சில அச்சுகள் 1:1 என்ற முழு அளவிலேயே வரையப்படுவதும் உண்டு. கட்டிடப் படங்களை வரையும் முறைக்கு ஐ.எஸ். 962 என்னும் இந்தியத் தரவிதியும் ஏற்பட்டிருக்கிறது.

பழைய கட்டிடத்தைப் பழுதுபார்க்கும் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1956ஆம் வருஷத்து எடை, அளவுச் சட்டத்தினால் மீட்டர் முறை ஏற்படுமுன் வரைந்த படங்கள் அடி, அங்குலக் கணக்கில் உள்ளவை. அவற்றுள் எட்டடிக்கு ஓர் அங்குலம் என்பது பெருவழக்கு. எட்டடிக்கு 96 அங்குலமாதலால் அது 1:96 ஆகும். அதை 1:100 என்று கொண்டு அளந்தால், 50 அடிச் சுவர் 52 அடிக்கு மேலாகத் தோன்றும். அவ்வளவுக்குச் செங்கல் வாங்கினால் மிச்சப்படும் கல்லுக்கும் சங்கமே பணம் கொடுக்கவேண்டும்.

பரப்பின் விஷயத்தில் பிழை இன்னும் பெருகும். நீளத்தில் பாதியென்று தவறினால், பரப்பில் கால்பங்கென்று தவறிவிடும். மேற்சொன்ன சங்கத்தில் படம் நீளத்தில் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கியது, பரப்பிலோ சரிபாதியாயிற்று.

அளக்காதீர்; எழுதியிருப்பதை வாசியுங்கள்

ஆகவே, படத்தின்மேல் அடிக்கோலை வைத்து அளந்து எம்முடிவும் செய்யலாகாது. எழுதிய எண்ணே பிரமாணம். எண் எழுதப்படாத இடமிருந்தால் எஞ்சினீயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். அன்றியும், எண்களோடு கூட ஓர் அளவுக்கோட்டையும் படத்தில் வரையும்படி கேட்பது நலம். 0, 1, 2, 5, 10 மீட்டர் என்று பிரிவுகள் இட்ட அக்கோடு, பிரதி எடுக்கும்போது படத்தோடு தானும் சுருங்கும், தானும் விரியும். அதனால் பிரதி உண்மையில் எந்த அளவில் இருக்கிறதென்பதை எவரும் கண்டுகொள்ளலாம்.

வெட்டுப்படத்தினால் வரும் நன்மைக்கு ஒரு கணக்குக் காட்டுகிறேன். நடுக்கோட்டு அளவாக 18 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள கிடங்கிற்கு நான்கு சுவரும் சேர்ந்து 50 மீட்டர். கடைக்கால் அகலம் 1 மீட்டர், ஆழம் 1.20 மீட்டர் என்று வெட்டுப்படத்தில் இருந்தால், தோண்டவேண்டிய மண் 60 கனமீட்டர். 0.90 மீட்டரோடு நிறுத்திவிட்டால் 45 கனமீட்டரே தோண்டப்பட்டதாகும். 15 கனமீட்டர் வேலைக்குச் சங்கம் வீணே பணம் கொடுக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், மூட்டைகளின் பாரத்தைத் தாங்கவேண்டிய சுவர் உரிய ஆழத்தில் ஊன்றாமற் போவதே. கான்கிரீட் போட்டு மூடியபின் இதை எவரும் காணமுடியாது. மூடுமுன் ஒரு முழக்கோலை இறக்கி அளப்பதற்கு எஞ்சினீயர் படிப்பு வேண்டியதில்லை. வெட்டுப்படத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

சங்கங்கள் செய்யவேண்டியவை

கண்டிராக்டரோடு உடன்படிக்கை எழுதும்போது எந்தெந்தப் படங்கள் என்பதை அவற்றின் எண், தேதி, திருத்த எண் ஆகியவற்றோடு குறிப்பிடவேண்டும். படம் திருத்தப்பட்டால் பழைய பிரதியின்மேல் 'ரத்து' என்று பெரிதாக எழுதி, வேலை ஸ்தலத்திலிருந்து அகற்றிவிடவேண்டும். கொத்தனார் கையில் பழைய பிரதியும் காரியதரிசி கையில் புதிய பிரதியும் இருந்தால் சச்சரவுக்குக் குறைவிராது. பழைய கட்டிடத்தை விஸ்தரிக்கும்போது நிறங்களையும் கவனிக்கவேண்டும்: அனுமதிக்கு அனுப்பும் படங்களில் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பாலும், இடிக்கப்போவதை மஞ்சளாலும் காட்டுவது வழக்கம். வேலை முடிந்தபின், கட்டியது கட்டியபடி வரைந்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தஸ்தாவேஜுகளோடு வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் தண்ணீர்க் குழாயைத் தேடிச் சுவரை உடைக்க நேரிடாது.

கட்டிடத் தீர்மானம் வரும் மகாசபைக் கூட்டத்தில் படங்களைச் சுவரில் மாட்டி, அங்கத்தினர்கள் முன்னிலையில் எஞ்சினீயரைக் கொண்டு விளக்கச் செய்யவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினருங்கூடத் தம் நிலத்தின் மூலை முடுக்குகளை நன்றாய் அறிவார். மனைப்படத்தைக் காட்டி, 'மழைத் தண்ணீர் எப்பக்கம் ஓடும், பாரவண்டி எப்பக்கம் திரும்பும்' என்று கேட்டால், எஞ்சினீயருக்குத் தெரியாத செய்தியையும் அவர் சொல்லக்கூடும். காகிதத்திலிருக்கும் சுவரை ரப்பரால் அழித்து மாற்றலாம். கட்டிய சுவரை மாற்ற அங்கத்தினர்களின் பங்குப் பணமே செலவாகும்.